கம்பியும் காப்பகமும்

கோடைக்கானல் மலையில் 1899-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சூரிய வானாய்வகத்தில், 1904 முதல், மேகம் விலகிய நாளெல்லாம் எடுத்துச் சேர்க்கப்பட்ட சூரியப் படத் தகடுகள், தேதியும் நேரமும் குறித்து அடுக்கப்பட்டு, ஒரு நூற்றாண்டுக் காலத்துச் சூரிய சரித்திரமாகவே அங்கே திரண்டிருந்தன. அவற்றைக்கொண்டு ஆராய்ச்சி செய்ய விரும்பியவர், சென்னைவாசியாயினும் சிகாகோவாசியாயினும், ஒன்று மலையேறி வரவேண்டும்; அல்லது அங்கிருப்பவர்களின் தயவில் பிரதியெடுத்து அனுப்பச் சொல்லிக் காத்திருக்கவேண்டும். இன்று அந்தத் தகடுகள் எண்ணுருவாக்கப்பட்டு, பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் சர்வரிலிருந்து உலகில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. இவ்விரு நிலைகளுக்கும் நடுவே நிகழ்ந்தது யாது என்று கேட்டால், கம்பி வந்தது, செயற்கைக்கோள் வந்தது, ஒளியிழை வந்தது என்று விடை கூறிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி விடையே என்பது என் அபிப்பிராயம். கல்வி, ஆராய்ச்சி வலையமைப்புகளின் வரலாற்றைப் பெரும்பாலும் எழுதியவர்கள் அவற்றை நிர்மாணித்த பொறியியலாளர்களே. ஆகவே அது கம்பியின் பக்கம் நின்று எழுதப்பட்டது. தரவைத் தேடி அலைந்தவரின் பக்கம் நின்று பார்த்தால், அதே வரலாறு சற்று வேறு விதமாகத் தோன்றுகிறது.

கம்பிக்கு முன்னதாகவே காப்பகம் தோன்றிவிட்டது. 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை, அறுபதுக்கு மேற்பட்ட தேசங்கள் சேர்ந்து அனுஷ்டித்த சர்வதேச பூபௌதிக ஆண்டின்போது, காந்தப்புயல்களையும் கடலோட்டங்களையும் வளிமண்டலத்தின் மேலடுக்குகளையும் பற்றிய அளவீடுகள் மலைபோலக் குவியும் என்பதை அதன் அமைப்பாளர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள். அந்த அளவீடுகளை யார் வைத்துக்கொள்வது என்ற வினாவுக்கு, உலகத் தரவு மையங்கள் என்ற ஏற்பாட்டை விடையாகக் கண்டார்கள். அமெரிக்காவில் ஒன்று, சோவியத் நாட்டில் ஒன்று, ஐரோப்பாவிலும் ஜப்பான் முதலிய தேசங்களிலும் பகிர்ந்து அமைத்தது ஒன்று என்று, ஒரே தரவின் பிரதிகள் வெவ்வேறு இடங்களில் இருக்கவேண்டும். கேட்கும் விஞ்ஞானி எவருக்கும் பிரதியெடுக்கும் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு கொடுக்கவேண்டும் என்பது விதி. இரண்டு வல்லரசுகளும் ஒன்றின் மேல் மற்றொன்று ஏவுகணைகளைக் குறிவைத்துக்கொண்டிருந்த காலத்தில், காகிதத்திலும் மைக்ரோஃபிலிமிலும் துளையிட்ட அட்டைகளிலும் பதிந்த தரவுகள் இரு பக்கமும் தபாலில் போய்வந்தன என்பது நினைக்கும்தோறும் வியப்பளிக்கும் விஷயம். வலையமைப்பு என்று நாம் இன்று சொல்லும் எதுவும் அப்போது இல்லை. எது யாரிடம் இருக்கிறது, எந்த நிபந்தனையில் கிடைக்கும், எத்தனை காலம் பாதுகாக்கப்படும் என்ற மூன்று கேள்விகளுக்குத் தெளிவான விடை மட்டும் இருந்தது.

உயிரியலில் அதே காரியத்தைச் செய்தது, 1971-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஏழே ஏழு புரத அமைப்புகளோடு ஆரம்பித்த புரதத் தரவு வங்கி. ஒரு புரதத்தின் ஒவ்வோர் அணுவும் எங்கே நிற்கிறது என்பதைக் குறிக்கும் ஆயிரக்கணக்கான எண்களைச் சஞ்சிகையில் அச்சிட எந்த ஆசிரியரும் உடன்படமாட்டார். ஆகவே அவை காந்த நாடாவில் பதிந்து, வேண்டுவோருக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும், அவருடன் உழைத்த இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் வெளியிட்ட வரைபடம், இன்றும் அந்த வங்கிக்கு வரும் ஒவ்வொரு புரத அமைப்பையும் சோதித்துப் பார்க்கும் உரைகற்களில் ஒன்றாக விளங்குகிறது. வங்கி ஸ்தாபிக்கப்படுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், விரல்விட்டு எண்ணக்கூடிய சோதனை முடிவுகளையும் அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்ற கணக்கையும் மட்டுமே துணையாகக்கொண்டு அந்த வரைபடம் வரையப்பட்டது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். தரவு அருகிக் கிடந்த காலத்து மேதைமை ஒரு வகை. தரவு பெருகிய காலத்தில் அதை ஆளும் திறமை வேறொரு வகை.

நாடா தபாலில் சென்றதைக் கண்டு நகைப்பதற்கில்லை. 2,400 அடி நீளமுள்ள ஒரு காந்த நாடாவில் சுமார் 150 மெகாபைட் தரவை அடக்கலாம். 1980-களில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த நல்ல கம்பி வினாடிக்கு 9,600 பிட் கடத்தும். அந்தக் கம்பியில், ஒரு கணமும் இடறாமல் ஓடினாலும், அந்த ஒரு நாடாவின் சரக்கு போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை நாளாகும். பத்து நாடாக்களைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றிவிட்டவன் கம்பியை எளிதில் ஜயித்துவிடுவான். இந்தக் கணக்கு பின்னரும் பலமுறை நம் கதையில் தலைகாட்டப் போகிறது.

வலையமைப்புகள் ஆரம்பத்தில் தரவுக்காகத் தோன்றியவையும் அல்ல. 1969-இல் நான்கு கணினிகளோடு தொடங்கிய அர்ப்பாநெட்டின் உத்தேசம், தொலைவிலிருக்கும் விலையுயர்ந்த கணினியைப் பலரும் பங்கிட்டுக்கொள்வது. 1984-இல் பிரிட்டனில் பல்கலைக்கழகங்களை இணைத்த ஜேனெட் வந்தது. 1986-இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் ஈஎஸ்நெட்டும், மீக்கணினி நிலையங்களை இணைத்த என்எஸ்எஃப்நெட்டும் வந்தன. அந்த 1986-ஆம் ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு சம்பவம், பிற்கால வரலாறு முழுவதையும் தன்னுள் அடக்கியது என்று நான் கருதுகிறேன். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நானூறு கஜ தூரந்தான். அந்தத் தூரத்தில் வினாடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த போக்குவரத்து, திடீரென்று 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி அறுபடவில்லை, கணினி பழுதாகவில்லை. நெரிசலில் தரவுப் பொட்டலங்கள் தவறிப்போக, தவறியவற்றை ஒவ்வொரு கணினியும் பொறுமையின்றி மறுபடி மறுபடி அனுப்ப, அந்த மறு அனுப்பீடுகளே மேலும் நெரிசலை விளைத்தன. வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் அதன் காரணத்தைத் துருவிக் கண்டு, 1988-இல் பரிகாரத்தையும் வெளியிட்டார்: ஒரு பொட்டலம் தவறினால், வழியில் நெரிசல் என்று அனுமானித்து, அனுப்புகிற கணினி தன் வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொண்டு, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். இணையம் இன்றும் உயிரோடிருப்பதற்கு இந்த மரியாதை ஒரு முக்கிய காரணம். இதே மரியாதை ஆராய்ச்சியாளருக்கு எவ்வாறு இடையூறாகவும் வந்து நின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நம் தேசத்தில் கதை அதே 1986-இல் தொடங்குகிறது. மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியுடன், கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு என்னும் எர்நெட் திட்டத்தை ஆரம்பித்தபோது, அதில் இடம்பெற்றவை எட்டே இடங்கள்: பம்பாயில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து ஐஐடிக்கள், தில்லியில் மின்னணுத் துறை. பம்பாய் மையத்துக்குத் தலைமை வகித்த ஸ்ரீனிவாசன் ரமணி முதலியோர், தொலைபேசி இணைப்புக்கே பொதுஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்த ஒரு நாட்டில், தொலைபேசியின் மீதே இந்த மாளிகையைக் கட்டத் துணிந்தார்கள். முதற்கட்டத்தில் கணினிகள் இடையறாமல் இணைந்திருக்கவில்லை. மோடம் வழியே ஒன்றையொன்று அழைத்து, அதுவரை சேர்ந்திருந்த கடிதங்களையெல்லாம் மொத்தமாகக் கைமாற்றிக்கொண்டு, தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். 1989-இல் பம்பாயிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு, வினாடிக்கு 9,600 பிட் கடத்தும் ஒரு வழி திறந்தது. தேசத்தின் ஆராய்ச்சி உலகம் முழுவதும் வெளியுலகோடு பேசிய அந்த வழி, இன்று ஒரு கைப்பேசியில் ஓடும் பாட்டுக்கும் போதாது.

அந்த வழியில் தரவு கேட்பது எப்படி? கோப்பை நேரே எடுத்துக்கொள்ளும் வசதி இல்லாதவர்கள், அந்தப் பணிக்கென்று வைக்கப்பட்ட ஒரு தொலைதூரக் கணினிக்கு மின்னஞ்சலில் விண்ணப்பம் எழுதுவார்கள். அது கோப்பை எடுத்து, எழுத்துருவாக மாற்றி, துண்டு துண்டாக நறுக்கி, பல கடிதங்களாக அனுப்பும். எல்லாம் வந்து சேர்ந்தபின் வரிசை பிசகாமல் ஒட்டி, மீண்டும் மூல வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும். நடுவில் ஒரு கடிதம் தவறினால் அத்தனையும் வீண். இந்தத் தொல்லைகளில் தேறிய மாணவர்களே பின்னாளில் தேசத்தின் கணினித் தொழிலைத் தாங்கிய தூண்களாயினர் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அது உண்மையாகவே இருக்கலாம்; ஆயினும் தாவரவியல் படிக்க வந்த ஒருவர், தம் வேலைக்கு வேண்டிய அட்டவணையைப் பெறுவதற்காக இந்த வித்தையைக் கற்கவேண்டியிருந்தது என்பதும் உண்மை. வலையமைப்பு அமைத்தவர்கள் கணினித் துறையினர். அவர்கள் மனத்தில் கண்ட பயனாளரும் கணினித் துறையினரே.

எட்டு நிறுவனங்களுக்கு வெளியே இருந்தவர்களின் நிலை தனி. உயிரித் தொழில்நுட்பத் துறை 1980-களின் பிற்பகுதியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உயிரித் தகவலியல் மையங்களை ஏற்படுத்தியது, இந்த வகையில் தூரதிருஷ்டியுள்ள காரியம். ஏனெனில் அங்கே முதலில் வைக்கப்பட்டது தரவு, அதைத் தேடித்தரும் ஆள், பிறகே கம்பி. எர்நெட்டோ பெங்களூர் செயற்கைக்கோள் நிலையத்தின் வழியே, தொலைபேசி செல்லாத இடங்களுக்கும் மெல்ல மெல்லப் பரவியது. 1995 ஆகஸ்ட் 15-இல் பொதுமக்களுக்கு இணையம் திறந்தபோது, கல்வியாளர்கள் அதற்குப் பல வருஷம் மூத்தவர்கள். இலங்கையிலும் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தார் 1990-இல் தொடங்கிய மின்னஞ்சல் ஏற்பாடே, பின்னர் 'லேர்ன்' என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பாக வளர்ந்தது.

தேவையை முன்னே வைத்து வழியைப் பின்னே அமைத்தால் எப்படியிருக்கும் என்பதற்கு, நம்மிடமே ஓர் உதாரணம் உண்டு. லடாக்கில், கடல் மட்டத்துக்கு 4,500 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் குளிரில், ஹான்லே என்ற இடத்தில் 2000-ஆம் ஆண்டில் விழித்த இரண்டு மீட்டர் தொலைநோக்கியை, வானியலாளர்கள் பெங்களூரை அடுத்த ஹொஸகோட்டையில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் வழியே இயக்குகிறார்கள். ஓர் இரவில் எத்தனை படங்கள் எடுக்கப்படும், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது, எது உடனே வேண்டும், எது காலையில் வந்தால் போதும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தமையால், குறுகிய வழியே நிறைந்த பயன் தந்தது. தொலைநோக்கியை இயக்குபவரும், இணைப்பைப் பேணுபவரும், படங்களைச் சேமிப்பவரும் ஒரே நிறுவனத்தார் என்பதையும் இங்கே கவனிக்கவேண்டும்.

பெரிய வழி 2010-இல் வந்தது. அவ்வாண்டு மார்ச்சில் மத்திய அமைச்சரவைக் குழு, 5,990 கோடி ரூபாய் மதிப்பில், ஆயிரத்து ஐந்நூறு நிறுவனங்களை இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்புக்கு அனுமதியளித்தது. தேசியத் தகவலியல் மையம் அதை நிறைவேற்றியது. முதுகெலும்பில் வினாடிக்கு 10 கிகாபிட்; நிறுவனத்தின் வாசலில் 1 கிகாபிட். முன்பு ஒன்றரை நாள் பிடித்த அந்த நாடாவின் சரக்கு, இந்த வழியில் இரண்டு வினாடிக்குள் வந்து சேரும். ஒரு டெராபைட் தரவானாலும் இரண்டே கால் மணி நேரம் போதும். காகிதத்தில் கணக்குப் போட்டால் இவ்வாறு வரும்.

வாசலுக்கு உள்ளே நடப்பது வேறு. ஒளியிழை வந்து முடியும் அறைக்கும் ஆய்வாளரின் மேஜைக்கும் இடையே, வினாடிக்கு 100 மெகாபிட் மட்டுமே கடத்தும் பழைய ஸ்விட்ச் ஒன்று மாடிப்படிக்கடியில் தூசி படிந்து உட்கார்ந்திருந்தால், அந்த இரண்டே கால் மணி இருபத்திரண்டு மணியாகிவிடும். அதற்கும் மேலாக, ஊருக்குள் நுழையும் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் சோதனைச்சாவடியைப் போல, ஃபயர்வால் ஒன்று வாயிலில் நிற்கிறது. ஆயிரம் மாணவர்கள் ஆளுக்குச் சிறிதளவாகப் பார்க்கும் வலைப்பக்கங்களுக்கு அது பொருத்தமான காவல். ஒரே ஆய்வாளருக்காக இடைவிடாமல் ஓடிவரும் பெருந்தரவை அதனால் தாங்க முடிவதில்லை. வேகம் குறைவதற்கு நூறு பொட்டலங்களில் ஒன்று தவறவேண்டும் என்றும் இல்லை. ஈஎஸ்நெட்டின் பொறியியலாளர்கள் ஒருமுறை, பழுதடைந்த ஓர் உறுப்பு 22,000 பொட்டலங்களுக்கு ஒன்றை மட்டும் நழுவவிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அருகிலுள்ள ஊருக்கு அனுப்பினால் அந்தக் குறை தெரியவே தெரியாது. கடல் கடந்து அனுப்பும்போதோ, ஒரு பொட்டலம் போய் அதற்குரிய பதில் திரும்ப ஒரு நொடியின் பத்திலொரு பங்குக்கு மேலாகும்; ஒவ்வொரு நழுவலுக்கும் ஜேக்கப்சனின் மரியாதைப்படி வேகத்தைக் குறைத்து, மறுபடி மெல்ல மெல்ல ஏறவேண்டும்; ஏறி முடிவதற்குள் அடுத்த நழுவல் வந்துவிடும். பிரமாண்டமான வழி இருந்தும், ஓடுவது ஒரு சிற்றோடையாகிறது. எந்தக் கருவியும் எச்சரிக்கை விளக்கு காட்டுவதில்லை. ஆய்வாளர் 'நம் ஊரில் இவ்வளவுதான்' என்று எண்ணி ஹார்டு டிஸ்க்கைத் தபாலில் கேட்டு எழுதிவிடுகிறார்.

இந்த நோய்க்கு அதே ஈஎஸ்நெட்டார் கண்ட மருந்தைப் புரட்சி என்று சொல்லமுடியாது. ஆயினும் அதைப்போல் பயன்பட்டது வேறொன்றில்லை என்பேன். பல்கலைக்கழகத்தின் வாயிலிலேயே, பொதுப் போக்குவரத்திலிருந்து பிரித்து, பெருந்தரவுக்கென்று ஒரு தனி முற்றம். அதில் தரவை அனுப்பவும் பெறவும் மட்டுமே செம்மைப்படுத்தப்பட்ட ஒரு கணினி. கண்டவரெல்லாம் நுழையாதபடி, எவரோடு எவர் பேசலாம் என்ற எளிய அனுமதிப் பட்டியல். வழி முழுவதையும் இராப்பகலாக அளந்துகொண்டிருக்கும் பர்ஃப்சோனார் என்ற சோதனைக் கருவி. 'சயின்ஸ் டிஎம்இசட்' என்று பெயரிட்டு 2013-இல் அவர்கள் விவரித்த இந்த ஏற்பாட்டைப் பல பல்கலைக்கழகங்களில் அமைப்பதற்கு, அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனம் நிதி வழங்கியது. சில ஆண்டுகளுக்குள், கருவிக்கு மட்டுமன்றி அதைப் பேணி ஆய்வாளரின் அருகிலிருந்து உதவும் பொறியியலாளரின் சம்பளத்துக்கும் வழி செய்தது. இதில் பின்னதே மேலான செலவு என்று நினைக்கிறேன்.

ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தை இவ்விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பெரும் துகள்மோதுகருவி இயங்குவதற்குப் பத்தாண்டு முன்னரே, தரவு எங்கெங்கே எந்தப் படித்தரத்தில் தங்கவேண்டும் என்று திட்டமிட்டார்கள். மும்பை டாட்டா ஆராய்ச்சிக் கழகமும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் அதில் இரண்டாம் படித்தரத்து நிலையங்களாக அமைந்தன. அதன் வெற்றி மறுக்கமுடியாதது. ஆனால் ஒரே கருவி, ஒரே கேள்வி, ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்த ஆய்வாளர்கள், பெரும் நிதி என்று எல்லாம் கூடிய ஒரு துறையின் அனுபவத்தை, மூன்று வருஷ மானியத்தில் இரண்டு மாணவர்களோடு பவளப்பாறைகளைப் படமெடுக்கும் ஒருவருக்கு முன்மாதிரியாகக் காட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவருடைய தரவு மானியம் முடிந்த மறுநாள் அனாதையாகிறது.

பெரிய துறைகளுக்குங்கூடக் கம்பி எப்போதும் போதுவதில்லை. 2017 ஏப்ரலில் உலகின் எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் ஒன்றுகூடி, ஒரு விண்மீன் திரளின் மையத்திலிருக்கும் கருந்துளையைப் பதிவு செய்தபோது கிடைத்த தரவு சுமார் ஐந்து பெடாபைட். அதை அரை டன் எடையுள்ள ஹார்டு டிஸ்க்குகளில் நிரப்பி, மாசசூசெட்ஸுக்கும் ஜெர்மனியின் பான் நகருக்கும் விமானத்தில் கொண்டுசென்றார்கள். தென் துருவத்திலிருந்து வரவேண்டிய பெட்டி மட்டும், அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் பறக்கும் வரை காத்திருந்து, டிசம்பரில் வந்து சேர்ந்தது. தபாலில் சென்ற காந்த நாடாவின் கணக்கு, நாற்பதாண்டுகளுக்குப் பின்னரும் பிழையாகவில்லை.

வேறு தேசங்கள் இந்தப் பிரச்சினைக்கு நிர்வாகத்திலும் விடை தேடியிருக்கின்றன. பின்லாந்தில் வலையமைப்பும், மீக்கணினியும், ஆய்வுத் தரவுச் சேமிப்பும் சிஎஸ்சி என்ற ஒரே நிறுவனத்தின் பொறுப்பு. நார்வேயில் பல்கலைக்கழகங்களை இணைத்த யூனினெட்டும், 1971 முதல் சமூகவியல் தரவுகளைப் பாதுகாத்துவந்த பெர்கன் நகரக் காப்பகமும், 2022 ஜனவரியில் சிக்ட் என்ற ஒரே கூரையின் கீழ் வந்தன. கம்பி இழுப்பவரும் காப்பகம் பேணுபவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால், தரவு எவ்வளவு காலம் இருக்கவேண்டும் என்ற பேச்சும், அது எந்த வேகத்தில் நகரவேண்டும் என்ற பேச்சும் ஒருங்கே நடக்கும். இங்கோ எர்நெட்டும் அறிவு வலையமைப்பும் மின்னணு அமைச்சகத்தின் வழி வந்தவை. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட், பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் காந்திநகரில். உயிரியல் தரவு, உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் பரீதாபாத்தில். ஆய்வாளர் ஒருவருக்கு இவை நான்கும் வேண்டியிருந்தால் நான்கு வாசல் ஏறவேண்டும்.

அந்தப் பரீதாபாத் ஏற்பாட்டை மட்டும் தனியே குறிப்பிடவேண்டும். பொதுப் பணத்தில் உண்டான உயிரியல் தரவுகளைப் பகிர்ந்துகொள்வதற்கான நெறிமுறைகளை 2021-இல் வெளியிட்ட உயிரித் தொழில்நுட்பத் துறை, 2022 நவம்பரில் சுமார் நான்கு பெடாபைட் கொள்ளளவோடு இந்திய உயிரியல் தரவு மையத்தைத் திறந்தது. 2025 ஜனவரியில், பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுப்புத் தரவு அங்கிருந்து ஆய்வாளர்களுக்கு வழங்கத் தயாராயிற்று. இத்தகைய தரவை ஒவ்வொருவர் ஊருக்கும் பிரதியெடுத்து அனுப்புவதைவிட, ஆய்வாளரின் நிரலைத் தரவு இருக்குமிடத்துக்கு அனுப்பி, விடையை மட்டும் திரும்பப் பெறுவது பல சமயங்களில் சுலபம். அந்தரங்கத்துக்கும் அது பாதுகாப்பு. அதற்குச் சேமிப்பின் அருகிலேயே கணினி வேண்டும். வெவ்வேறு நிறுவனத்தார் ஒரே அடையாளத்தோடு உள்ளே நுழையும் ஏற்பாடு வேண்டும். ஒரு மாவட்டத் தலைநகரிலுள்ள கல்லூரியில், விண்ணப்பம் எழுதவும், ஃபயர்வாலில் உரிய வழியைத் திறக்கவும், ஓடாத கோப்பு ஏன் ஓடவில்லை என்று அளந்து சொல்லவும் தெரிந்த ஓர் ஊழியர் வேண்டும். முதலிரண்டுக்கும் நிதியொதுக்கீட்டில் தலைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றாமவரின் சம்பளத்தைக் கருவிச் செலவில் எழுதுவதா, தொடர்செலவில் எழுதுவதா, கல்லூரி கொடுப்பதா, வலையமைப்பு கொடுப்பதா என்பதை முதலில் யாராவது தீர்மானித்தாகவேண்டும்.